கைக்குட்டை அளவு

ஒரே ஒரு முடி. அதனால்தான் அந்த வீட்டில் மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த முடி யாருடையது என்று இன்றுவரை தெரியாது. பதினோராவதாகப் பார்க்கப் போன வீட்டின் குளியலறையில், தண்ணீர் வடியும் சல்லடையில் அது சுருண்டு கிடந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போலாம்" என்றாள்.

அவ்வளவுதான். நல்ல தெரு, நல்ல காற்று, படியக்கூடிய விலை, எல்லாம் அந்த ஒற்றை முடியோடு போயின.

அக்காவைக் குற்றம் சொல்லவும் முடியாது. முப்பத்தோரு வருடமாகப் பெரிய ஹோட்டல் ஒன்றில் இருக்கிறவள்; அறை துடைக்கச் சேர்ந்து, இப்போது அறைகளை மேற்பார்வை பார்க்கிறவள். ஆட்கள் துடைத்து முடித்த பிறகு உள்ளே போய், கட்டிலுக்கு அடியில், கதவின் மேல் விளிம்பில், குழாயின் பின்பக்கத்தில் விரல் வைத்துப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். ஒரு முடி கிடந்தால் அந்த அறையை விருந்தினருக்குக் கொடுக்கக் கூடாது. அங்கே அது சட்டம். வீட்டில் அவளுக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பட்டப்பெயர்.

அந்த உத்தியோகம் இன்னும் எட்டு மாதத்தில் முடிகிறது. தம்பியைப் படிக்கவைத்து, அவனுக்குக் கல்யாணமும் செய்து வைத்ததில் தன் கல்யாணத்தை மறந்துபோனவள் அக்கா. அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. "வேலை முடிஞ்ச மறுநாள்லேருந்து உங்க ரெண்டு பேர் கையை எதிர்பார்த்து நிக்க மாட்டேன்" என்பது மட்டும்தான் அவள் பிடிவாதம். அவள் சேமிப்பும் தம்பி சேமிப்பும் சேர்ந்து ஒரு சின்ன வீடு. அதை வாடகைக்கு விடுவது. வாடகை அக்காவுக்கு. போன மழைக்காலத்தில் போட்ட திட்டம் இது.

மழைக்காலம் போய், வெயில் வந்து, பதினொரு வீடும் பார்த்தாகிவிட்டது.

"சனிக்கிழமை பார்க்கிற வீடுதான் கடைசி" என்று தம்பி அறிவித்திருந்தான். டவுன் பஸ் ஓட்டுகிறவன். கூட்டாளி ஒருவன் பாதிப் பங்குக்கு வேன் வாங்கலாம் என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். "திங்கட்கிழமை அவனுக்குப் பதில் சொல்லணும். இதுவும் இல்லைன்னா என் பங்கு வேனுக்குப் போயிடும். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாதுன்னு சொல்லு."

சொல்லு என்றது அவன் மனைவியிடம். மூன்று நாளாக அக்காவும் தம்பியும் அவள் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். கல்யாணப் பெண்களுக்கும் மேடை நடிகர்களுக்கும் அலங்காரம் செய்கிறவள் அவள். கல்யாணமாகி வந்த முதல் வாரமே அக்கா அவளுக்குப் 'பவுடர்' என்று பெயர் வைத்துவிட்டாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

*

சனிக்கிழமை காலை, காரில்.

"பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க பெல்ட் போட்டுக்கணும்னு சொல்லு" என்றான் தம்பி.

"அண்ணி, பெல்ட் போட்டுக்கணுமாம்."

"போட்டு அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னு சொல்லு."

"போட்டு அஞ்சு நிமிஷம் ஆச்சாம். ஏங்க, நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்பெட்டியா?"

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் பின்சீட்டில் ஓர் இருமல் கேட்டது. அக்கா சிரிப்பை அடக்கினால் இருமுவாள்.

பவுடர் சட்டென்று பின்னால் திரும்பி உட்கார்ந்தாள். "அண்ணி, ஒரு ஒப்பந்தம். இன்னிக்கு நீங்க 'அழுக்கு', 'அசிங்கம்', 'சீ' இந்த மூணையும் சொல்லக்கூடாது."

"அப்புறம் வாயைத் தைச்சுக்கிட்டா வர்றது?"

"'போகும்', 'போகாது'. ரெண்டே வார்த்தை. கழுவினா, சுரண்டினா, பெயின்ட் அடிச்சா சரியாயிடும்னா, போகும். சுவரை இடிச்சாத்தான் சரியாகும்னா, போகாது."

"முடி?"

கார் லேசாக ஆடியது. தம்பி பல்லைக் கடிக்கும் சத்தம் பவுடருக்கு மட்டும் கேட்டது.

"ஊதினாலே போகும் அண்ணி."

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒன்பதாவது வீடு பளபளன்னுதானே இருந்துச்சு. எனக்குப் பிடிச்ச ஒரே வீடு. அதை வேணாம்னது யாரு?"

"நான்தான். ஏன்னு ஞாபகம் இருக்கா? நாலு சுவத்துல ஒரே ஒரு சுவத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட். கையை வெச்சேன். ஜில்லுனு இருந்துச்சு. உள்ளே தண்ணி கசியுது, மேலே பூசி மறைச்சிருக்காங்க." பவுடர் கையை விரித்துக் காட்டினாள். "முகத்துல பருவோட வர்ற பொண்ணைப் பார்த்து நான் பயந்ததே இல்ல அண்ணி. வரும்போதே ரெண்டு பூச்சு பூசிக்கிட்டு வர்றா பாருங்க, அவகிட்டதான் பயம். என்னத்தை மறைக்கிறாளோன்னு."

"ம்" என்றாள் அக்கா. ஒப்பந்தம் கையெழுத்தானதாகப் பவுடர் எடுத்துக்கொண்டாள்.

*

மூன்றாவது மாடி. வாசலிலேயே வீட்டுக்காரர் காத்திருந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். சட்டைப் பையில் இரண்டு ஸ்க்ரூ டிரைவர், முழங்கையில் கிரீஸ் கறை.

"படியேற வெச்சதுக்கு மன்னிக்கணும். லிஃப்ட் மக்கர் பண்ணுது." கொஞ்சம் தயங்கினார். "என் தொழிலே லிஃப்ட் ரிப்பேர்தான். நீங்க சிரிக்கலாம், பழகிடுச்சு."

தம்பி தாராளமாகச் சிரித்தான். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

"இன்னொண்ணும் முன்னாடியே சொல்லிடுறேன்" என்றார் லிஃப்ட்காரர், சாவியைத் திருகியபடி. "வீடு பார்க்க லட்சணமா இருக்காது. ஏழு வருஷத்துல நாலு குடித்தனம். நான் பட்டறை மேல ஒரு ரூம்ல படுத்துக்கறவன். இங்கே ஒருநாள்கூட இருந்ததில்ல. போன வாரம் ஒருத்தர் வந்தார். செருப்பைக்கூடக் கழட்டல, அப்படியே திரும்பிட்டார்."

கதவு திறந்தது.

செருப்பைக் கழற்றாத அந்த மனிதரின் மனநிலை தம்பிக்கு உடனே புரிந்தது. கூடத்தில் ஒரு சுவர் ஊதா நிறம். மற்ற மூன்றும் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கலாம். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை குழந்தைக் கிறுக்கல்: ரயில், பூனை, ஆறு கால் யானை. கூரை, சிகரெட் பிடிப்பவர்களின் பல் நிறத்தில் இருந்தது.

பவுடர் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க அண்ணி. கிறுக்கல்?"

அக்கா ஒரு நீண்ட மூச்சு விட்டாள். "போகும்."

"கூரை?"

"புகை. போகும்."

"இந்த ஊதா?"

"இதை யாருடி அடிச்சா? எந்தப் பாவி..."

"அண்ணி!"

"போகும்."

"நாம குடியிருக்கப் போறதில்ல. வர்றவங்களுக்கு ரொம்பப் பிடிக்கணும்னுகூட இல்ல, பிடிக்காமப் போகாம இருந்தா போதும். ரெண்டு கோட் வெள்ளை. முடிஞ்சுது."

லிஃப்ட்காரர் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லோரும் மூக்கைச் சுளித்தார்கள். இவர்கள் ஏதோ பரீட்சைக்குப் படிப்பதுபோல் கேள்வி பதில் சொல்லிக்கொண்டு போகிறார்களே!

பவுடர் சுவர் சுவராக உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எல்லாம் காய்ந்திருந்தன. ஜன்னல் மூலையில் ஒரு விரிசல் ஓடியது. நகத்தை நுழைத்துப் பார்த்தாள், நுழையவில்லை. பெயின்ட் மட்டும்தான் பிளந்திருந்தது. பிறகு கைப்பையிலிருந்து ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்துத் தரையில் படுக்கவைத்தாள். நால்வரும் குனிந்து அதையே பார்த்தார்கள். அது அசையவில்லை.

"தரை மட்டம்" என்றாள் பவுடர். "ஆறாவது வீட்டுல என் லிப்ஸ்டிக் கட்டிலுக்கடியில ஓடிப்போய் இன்னும் திரும்பி வரல சார்."

சமையலறை அலமாரிக் கதவுகள் முழுக்கக் கால்பந்து வீரர்களின் ஸ்டிக்கர். மேடைக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு, தொட்டால் விரல் ஒட்டியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு "போகும், போகும், போகும்" என்று மூன்று தரம் சொன்னாள், மாத்திரை விழுங்குவதுபோல. ஆனால் அலமாரிக் கதவைத் திறந்து ஆட்டிப் பார்த்தபோது அவள் முகம் கொஞ்சம் மாறியது. "சட்டம் கெட்டி மரம்டி. கீல் மாத்தினா போதும்."

தம்பி குழாய்களைத் திறந்து மூடினான், தலையைச் சாய்த்து பஸ் இன்ஜினைக் கேட்பதுபோல் கேட்டான். பவுடர் மோதிரத்தால் சுவர் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போனாள். டக், டக், டக், டொப்.

"இது போகாது" என்றாள். "மூணு டைல்ஸ் உள்ளே பிடிப்பே இல்லாம நிக்குது. எடுத்துட்டுப் பதிக்கணும்."

"அது எனக்கே தெரியாது" என்றார் லிஃப்ட்காரர். "ஆனா தெரிஞ்ச ஒண்ணைச் சொல்லிடுறேன். உள்ரூம் கூரையில ஒரு பழுப்பு வட்டம் இருக்கும். மேல் வீட்டுக் குழாய் உடைஞ்சு ஒழுகினது. போன வருஷம் மாத்திட்டாங்க. ஸ்டூல் இருக்கு, தொட்டுப் பாருங்க."

தம்பி ஏறித் தொட்டான். சருகாகக் காய்ந்திருந்தது. இறங்கியவன் தன்னை மறந்து அக்காவிடம் நேராகவே சொன்னான்: "காஞ்சிருக்குக்கா."

"தெரியுது" என்றாள் அக்கா.

மூன்று நாள் மௌனம் அப்படித்தான் முடிந்தது.

அந்த நேரத்தில் லிஃப்ட்காரரின் கைப்பேசி அலறியது. "என்னது, உள்ளேயா? யாரு, டியூஷன் டீச்சரா? அசையாம நிக்கச் சொல்லுங்க, வந்துட்டேன்!" ஸ்க்ரூ டிரைவரை உருவியபடி வாசலுக்கு ஓடினார். "ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல ஒருத்தங்க மாட்டிக்கிட்டாங்க. பத்து நிமிஷம். நீங்க நிதானமாப் பாருங்க."

*

பத்து நிமிஷம் நாற்பது நிமிஷமானது. அந்த நாற்பது நிமிஷத்தில்தான் எல்லாம் நடந்தது.

தம்பியும் பவுடரும் பால்கனியில் நின்று குசுகுசுத்தார்கள். "வாங்கிடலாங்க. எல்லாமே மேல்பூச்சுதான். அசிங்கமா இருக்கிறதாலதான் இந்த விலை." "அக்கா ஒத்துக்கணுமே." "ஒத்துக்குவாங்க. கவனிச்சீங்களா, ஒரு தடவைகூடக் கைப்பையைத் தோள்ல மாட்டல." பிறகு வேன், கூட்டாளி, பெயின்ட், எந்தக் கடையில் டைல்ஸ் என்று பேச்சு வளர்ந்தது.

அக்கா குளியலறையில் இருந்தாள்.

அங்கே ஜன்னல் இருந்த இடத்தில் பழைய செய்தித்தாள்களை அடுக்கடுக்காக ஒட்டி வைத்திருந்தார்கள். இருட்டு. சுவர் டைல்ஸ் என்ன நிறம் என்றே சொல்ல முடியாதபடி சோப்புக் கறையும் உப்பும் படிந்திருந்தன. இது போகுமா, போகாதா? பார்த்துச் சொல்ல முடியவில்லை. துடைத்துத்தான் பார்க்க வேண்டும். அக்காவின் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னத் தெளிப்பான் பாட்டிலும், ஒரு துணியும், ஒரு பழைய பல்துலக்கும் பிரஷும் இருக்கும். மற்ற பெண்கள் சீப்பு வைத்திருப்பதுபோல.

ஒரு கைக்குட்டை அளவு. அவ்வளவுதான் அவள் நினைத்தது.

தெளித்தாள். எண்ணிப் பத்து வரை காத்திருந்தாள். துடைத்தாள்.

கைக்குட்டை அளவுக்கு ஒரு வெண்மை கண் திறந்தது. அதன் ஓரத்தில் நூல் பருமனில் ஒரு நீலக் கோடு. அந்தக் கோடு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாமா? இன்னொரு கைக்குட்டை. நீலக்கோடு மூலையில் திரும்பி ஒரு சின்ன அலைபோல் வளைந்தது. அடுத்தது என்ன? இன்னொன்று.

கை அதன்போக்கில் போகத் தொடங்கியது. ஓர் அறைக்கு இருபத்தெட்டு நிமிஷம் என்று வருடக்கணக்கில் பழகிய கை. சுவர் முடிந்து ஜன்னலுக்குப் போனது. செய்தித்தாளை நனைத்து, ஊறவிட்டு, ஓரத்தில் நகம் கொடுத்து இழுத்தாள். ஏழு வருடச் செய்திகள் ஒரே பாளமாகக் கழன்று வந்தன. உள்ளே கண்ணாடி. கொக்கியை அடித்துத் தள்ளினாள். ஜன்னல் திறந்தது.

வெயில் உள்ளே விழுந்தது. வெளியே ஒரு பெரிய மரத்தின் உச்சி, கைக்கெட்டும் தூரத்தில், காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

"என்னக்கா சிரிப்புச் சத்தம்?" என்று வந்த தம்பி வாசலில் அப்படியே நின்றான். பின்னால் வந்த பவுடர் அவன் முதுகில் மோதினாள்.

"அடி ஆத்தாடி!" என்றாள் அவள்.

"அக்கா!" தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். "வாங்குறதுக்கு முன்னாடியே வீட்டைக் கழுவிக்குடுத்த ஒரே ஆளு உலகத்துலயே நீதான்! அந்த மனுஷன் வந்து இதைப் பார்த்தா விலையை ஏத்த மாட்டாரா? அசிங்கமா இருக்குன்னுதானேக்கா குறைச்சுக் குடுக்கிறார்!"

அக்காவின் முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது. கையிலிருந்த துணியைப் பார்த்தாள். "நான்... போகுமான்னு பார்க்கத்தான்டா ஆரம்பிச்சேன்."

"போயிடுச்சு! எல்லாமே போயிடுச்சு! வீடும் போயிடுச்சு!"

படியில் காலடிச் சத்தம் கேட்டது.

பவுடர்தான் முதலில் சுதாரித்தாள். "தள்ளுங்க" என்றாள். எங்கே போனாலும் கூடவே கொண்டுவரும் அலங்காரப் பெட்டியைத் திறந்தாள். அடர்பழுப்பு, சாம்பல், கொஞ்சம் மஞ்சள். "இருபது வயசுப் பொண்ணை எழுபது வயசுக் கிழவியா மேடை ஏத்தியிருக்கேன். ஒரு சுவத்தைக் கிழடாக்க முடியாதா? நீங்க அந்தப் பேப்பரை எடுத்து ஜன்னல்ல அமுக்குங்க!"

தம்பி ஈரப் பேப்பரை ஜன்னலில் அமுக்கினான். அது அவன் தலையில் விழுந்தது. பவுடர் பஞ்சை மாவில் தோய்த்து, நீலக் கோட்டின்மேல் லேசாக ஒற்றினாள். தொழில்காரி. ஒரே ஒற்றில் டைல்ஸுக்குப் பத்து வயது கூடியது.

"ஏய்! எடு கையை!" அக்கா போட்ட சத்தத்தில் பஞ்சு கீழே விழுந்தது. "என் கண் முன்னாடி, நான் துடைச்ச இடத்துலயா?"

"அண்ணி, ஒரு அரைமணி நேரத்துக்கு..."

"அரை நிமிஷம்கூட முடியாது. அது அவர் வீடு. அது எப்படி இருக்குன்னு அவருக்குத் தெரியட்டும். மறைச்சு வாங்கின வீட்டுல வர்ற வாடகை எனக்கு வேணாம். ஒன்பதாவது வீட்டுக்காரனுக்கும் நமக்கும் என்னடி வித்தியாசம்?"

பவுடர் குனிந்து பஞ்சை எடுத்தாள். அதற்குள் காலடிச் சத்தம் கூடத்தைத் தாண்டிவிட்டது.

*

லிஃப்ட்காரர் பார்த்த காட்சி இது: குளியலறைச் சுவர் முன்னால் பவுடர் பஞ்சோடு. தலையில் ஈரச் செய்தித்தாளோடு தம்பி. நடுவில் முழங்கை வரை நுரையோடு அக்கா. மூவர்மேலும் வெயில்.

அவர் மெதுவாக உள்ளே வந்து, ஜன்னல் அருகில் போய், கொக்கியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது திறக்குமா?"

"ஒரு அடி அடிக்கணும்" என்றாள் அக்கா. "கீல்ல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சத்தம் வராது."

"ஏழு வருஷமா இதைச் சுவர்னு நினைச்சுக்கிட்டிருக்கேன்." மரத்தைப் பார்த்தார். டைல்ஸின் நீலக் கோட்டை விரலால் பின்தொடர்ந்தார். விரலில் பழுப்பு மாவு ஒட்டியது. அதைப் புரியாமல் பார்த்தார். பவுடர் கூரையைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? வீடு முழுக்க இப்படி ஆச்சுன்னா, வாடகை இதுவரைக்கும் வந்ததைவிட அதிகமா வருமா?"

தம்பி அக்காவின் காலை மிதித்தான். அக்கா தன் காலை எடுத்துக்கொண்டாள்.

"நல்லாவே வரும். இருட்டுன்னுதான் நல்ல குடித்தனம் நிக்கல. வர்றவங்க மூணு இடம்தான் பார்ப்பாங்க சார். வாசக்கதவு, அடுப்படி, குளியலறை. அந்த மூணும் பளிச்சுனு இருந்தா மிச்சத்தை மன்னிச்சுடுவாங்க. பெயின்ட் தவிர, துடைக்க மட்டும் ஒரு ஆளுக்குப் பதினோரு நாள் வேலை. அடுப்படிப் பிசுக்குக்கே மூணு நாள். அந்த மூணு டைல்ஸ் தனி."

"பதினோரு நாள்" என்றார் அவர். "நான்... கொஞ்சம் யோசிக்கணும். விக்கிறதா வேணாமான்னு." வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

தம்பி வெடிக்கப்போனான். அதற்குள் அக்கா குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"திட்டிடாதடா" என்றாள். "தப்புதான். கெடுத்துட்டேன்."

அக்கா "தப்புதான்" என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தலையிலிருந்த பேப்பர்த் துண்டை எடுத்தான்.

"எத்தனை ரூம் துடைச்சிருப்பேன், சொல்லு? ஒண்ணுலகூட நான் ஜன்னல்கிட்ட நின்னு வெளியே பார்த்ததில்ல. அடுத்த ரூம் காத்துக்கிட்டு இருக்கும். இங்கே நின்னேன்டா. ஒரு நிமிஷம் நின்னேன். நம்மளுதுன்னு கை நினைச்சுடுச்சு போல."

தம்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தொட்டி விளிம்பு ஈரம். இருவர் துணியும் நனைந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

"விலை ஏத்தினா ஏத்தட்டும்க்கா" என்றான். "பார்த்துக்கலாம். வேன் எங்கே ஓடிப்போகுது?"

"உன் வேன்காரன்கிட்ட திங்கட்கிழமை..."

"வேணாம்னு சொல்லிடுறேன். நாள் முழுக்க பஸ் ஓட்டிட்டு, அப்புறம் வேனையும் யாரு ஓட்டுறது? எனக்கே பயம்தான்."

பவுடர் மூக்கை உறிஞ்சினாள். சுவரில் தான் பூசிய மாவைத் தன் கைக்குட்டையாலேயே துடைக்கத் தொடங்கினாள். "நல்லாத் துடை, ஓரத்துல இருக்கு பாரு" என்றாள் இன்ஸ்பெக்டர்.

*

லிஃப்ட்காரர் திரும்பி வரக் கால்மணி நேரமானது. மூவரும் கூடத்தில் வரிசையாக நின்றார்கள், ஊதாச் சுவருக்கு முன்னால், குற்றவாளிகள்போல.

"விலை அதேதான்" என்றார் அவர். "ஏத்தல."

தம்பியின் கை தானாக நீண்டது. அவர் அதைப் பிடிக்கவில்லை.

"ஆனா ஒரு நிபந்தனை. சுத்தம் பண்ணி வாடகைக்குத்தானே விடப்போறீங்க?"

"ஆமா சார்."

"அப்ப முதல்ல என்னைக் கேளுங்க."

"உங்களையா?" தம்பிக்குச் சுருதி எகிறியது. "உங்க வீட்டுக்கு நீங்களே வாடகைக்கா?"

"அப்ப அது உங்க வீடாச்சே." அவர் சிரித்தார். சிரித்தபோது பத்து வயது குறைந்தது. பவுடர் அதைக் கவனித்தாள். "வீட்டுக்காரனா ஏழு வருஷம் இருந்து பார்த்துட்டேன், எனக்கு வரல. இனி குடித்தனக்காரனா இருந்து பார்க்கலாம்னு தோணுது."

"சார், நீங்களே ஆள் வெச்சுத் துடைச்சு நீங்களே வந்துடலாமே?"

"நாலு குடித்தனத்துக்கும் ஆள் வெச்சுத்தான் துடைச்சேன். அது ஜன்னல்னு ஒருத்தன் சொல்லலையே! வித்தாத்தான் பட்டறைக்குப் பக்கத்து இடத்தை வாங்கப் பணம் கிடைக்கும். விக்காம இருந்தா அந்த மரம் கிடைக்கும். ரெண்டும் வேணும்னா என்ன வழின்னு படியில உட்கார்ந்து யோசிச்சேன். இந்த வழிதான் தோணுச்சு."

தம்பி அக்காவைப் பார்த்தான். பவுடர் அக்காவைப் பார்த்தாள். அக்கா நிமிர்ந்து நின்றாள். வீட்டுக்காரி ஆகப்போகிறவளின் தோரணை அந்த நொடியிலேயே வந்துவிட்டது.

"சிகரெட் உண்டா?"

"இல்லைங்க."

"சுவத்துல ஆணி?"

"கேட்டுட்டுத்தான் அடிப்பேன்."

"ஜன்னல்ல பேப்பர்?"

"ஐயய்யோ!"

"எத்தனை பேர் இருப்பீங்க?"

அவர் முழங்கையில் இருந்த கிரீஸ் கறையைத் தேய்த்துக்கொண்டார்.

"இப்போதைக்கு நான் மட்டும்தான்."

அடுத்த கேள்வி அக்காவின் நாக்கு நுனியில் இருந்தது. அது வெளியே வரவில்லை. இரண்டு தரம் இருமினாள்.

"வீட்டை வாங்கிக்கறோம்" என்றாள். "குடித்தனத்தைப் பத்தி... யோசிச்சுச் சொல்றேன்."

*

திரும்பும்போது காரில் ஒரே ஆரவாரம். தம்பி ஹாரனை அடித்துக்கொண்டே வந்தான். வெள்ளையா, தந்த நிறமா என்று பவுடர் தனக்குத்தானே வாதாடிக்கொண்டாள். முடிவில் தந்த நிறம் ஜெயித்தது, கைபட்ட கறை தெரியாதாம்.

"ஆனாலும் அக்கா, அந்த மனுஷனுக்கு உடனே சரின்னு சொல்லியிருக்கலாம்" என்றான் தம்பி. "லிஃப்ட், குழாய், கொக்கி எல்லாம் அவரே பார்த்துக்குவார். இப்படி ஒரு குடித்தனம் தேடினாலும் கிடைக்குமா?"

இரண்டு சிக்னல் கடந்தன.

"டேய்" என்றாள் அக்கா. "'இப்போதைக்கு'ன்னா என்னடா அர்த்தம்?"

"என்ன அர்த்தம்? இப்போதைக்குன்னா இப்போதைக்குத்தான். அப்புறம் அண்ணன், மச்சான்னு யாராவது வந்து தங்குவாங்களோ என்னவோ. அதெல்லாம் எழுத்துல வாங்கிடலாம்க்கா, நீ கவலைப்படாதே."

"நீங்க ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்றாள் பவுடர். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, மிகச் சாதாரணமாகச் சொன்னாள்: "திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் பட்டறைக்குப் போகணுமாம். இவருக்கு அன்னிக்கு டியூட்டி. எனக்கும் ஒரு கல்யாணப் பொண்ணு இருக்கு. நீங்கதான் தனியாப் போகணும் அண்ணி. அவர்கிட்டயே கேட்டுடுங்களேன்."

"உனக்குத் திங்கட்கிழமை கல்யாணப் பொண்ணா?" என்று தம்பி ஆரம்பித்தான். "நேத்துதானே ஒரு வேலையும் இல்லைன்னு..."

பவுடரின் கிள்ளு எங்கே விழுந்ததோ, அவன் ஹாரனை அழுத்திவிட்டான்.

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.